ஆர்.ஐ.பி.யும் வேறொரு லாரன்ஸும்

சென்னை விமான நிலையத்தின் வாசலில் என் தங்கை ஸ்டெல்லா தனியாக நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக அவள் பக்கத்தில் அவள் கணவர் லாரன்ஸ் நிற்பார். என்னைக் கண்டதும் சினிமா வில்லனைப் போல ஒரு சிரிப்புச் சிரித்து, சுற்றி இருக்கிறவர்களைத் திடுக்கிட வைப்பார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு இல்லை.

"மாப்பிள்ளை எங்கே?" என்றேன்.

"வீட்டுல இருக்காரு அண்ணே. செத்துப்போனவங்க எங்க வெளிய வருவாங்க?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பினாங்கில் ஒரு தமிழ் நாளிதழில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. யாருடைய தகப்பனார், எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு நல்லடக்கம் என்பதையெல்லாம் பிழையில்லாமல் போடவேண்டும். பெயரில் ஒரு எழுத்துத் தவறினாலும் காலையில் அலுவலகத்துக்கே வந்து நிற்பார்கள். ஸ்டெல்லா அங்கே பிறந்தவள்தான். லாரன்ஸைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டாள். லாரன்ஸ் சாந்தோம் பக்கத்து ஆள். கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசுகிறவர். கதாநாயகர்களுக்குப் பேசியதில்லை. வில்லனின் அடியாட்கள் மாடியிலிருந்து விழுந்து சாகும்போது ஒரு அலறல் வருமே, அதில் பாதிக்கு மேல் இவருடையது. குத்துப்பட்டவன், சுடப்பட்டவன், தண்ணீரில் மூழ்குகிறவன் என்று சாவுக்குச் சாவு வித்தியாசம் காட்டுவார்.

நடந்ததை ஸ்டெல்லா டாக்சியில் சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன்னால், சினிமாத் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் லாரன்ஸின் புகைப்படத்தைப் போட்டு, 'நம் லாரன்ஸ் நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று யாரோ எழுதிவிட்டார்கள். கீழே இவருடைய கைபேசி எண்ணையே தொடர்புக்கு என்று கொடுத்திருந்தார்கள். இவர் குளித்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. ஆர்.ஐ.பி., ஆர்.ஐ.பி. என்று திரை முழுக்க அதேதான். அப்புறம் அந்தக் குழுவை நடத்துகிறவர், 'மன்னிக்கவும், அது வேற லாரன்ஸ்' என்று போட்டார். எல்லோரும் கைகூப்பும் பொம்மையும் சிரிக்கும் பொம்மையும் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"முதல் ரெண்டு நாள் இவரும் சிரிச்சாருண்ணே. வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா…"

டாக்சி அடையாறு பாலத்தைத் தாண்டியது. மழைக்காலம் தொடங்கிவிட்டதால் ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடியது. மெட்ரோ வேலைக்காகச் சாலையை இரும்புத் தகடுகளால் மறைத்து, வளைத்து, திருப்பி விட்டிருந்தார்கள். போன தடவை நேராகப் போன சாலையெல்லாம் இப்போது எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போகிறது. பினாங்கிலும் சாலை தோண்டுவார்கள். ஆனால் தோண்டிய இடத்தை மூடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்களுடைய தெருமுனையில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒன்று பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் ஊறிய அந்தத் தாளில் லாரன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் அவசரப்பட்டு ஒட்டியதாம். கிழிக்கப் போனால் பசை விடவில்லையாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அவர் அறைக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. லாரன்ஸ் மல்லாந்து படுத்திருந்தார். கைகள் இரண்டும் மார்பின்மேல் சேர்ந்திருந்தன. கண் திறந்தே இருந்தது.

"வா மச்சான்" என்றார். குரல் தணிந்திருந்தது. "நான் செத்தன்னிக்கு நீ எங்க இருந்த?"

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிரித்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது.

"பினாங்குலதான் இருந்தேன் மாப்பிள்ளை. பசியாறிட்டீங்களா?" என்றேன். எங்கள் ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டோம், அப்படித்தான் கேட்போம்.

அவர் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீதான் சாவுப் பக்கம் போடற ஆளாச்சே. இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு. இதுக்கு இன்னா அர்த்தம்?"

விரலால் தள்ளத் தள்ள அந்த மூன்று எழுத்துகளே வந்துகொண்டிருந்தன. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது ஆங்கிலமே இல்லை, லத்தீன். ரெக்குவியெஸ்கத் இன் பாச்சே. 'இவர் சமாதானத்தில் இளைப்பாறுவாராக' என்று அர்த்தம். ஆங்கிலேயர்கள் அதை ரெஸ்ட் இன் பீஸ் என்று மாற்றியபோது அதே மூன்று எழுத்துகள் தற்செயலாகப் பொருந்திவிட்டன. இத்தாலிக்காரர்களுக்கும் பொருந்தியது. ஸ்பெயின்காரர்களுக்குப் பொருந்தவில்லை, அவர்கள் கல்லறையில் வேறு எழுத்துகளை வெட்டுகிறார்கள். ரோமாபுரியில் பூமிக்கடியில் இருக்கிற பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் 'சமாதானத்தில் தூங்குகிறார்' என்றும் எழுதியிருக்கிறார்களாம். அது ஒரு செய்தி. 'இளைப்பாறுவாராக' என்ற வேண்டுதல் வழக்கமானது அதற்குப் பிறகுதான்.

"வேண்டுதல்னா யாராண்ட?"

"கடவுள்கிட்ட."

"அப்போ இவங்கல்லாம்?" கைபேசியைத் தட்டினார். "கடவுளாண்டயா சொல்றாங்க? என்னாண்ட சொல்றாங்க. ஆர்.ஐ.பி. லாரன்ஸ் அண்ணா. ஆர்.ஐ.பி. தலைவா. படு, படுன்னு அத்தினி பேரும் சொல்லிக்கினேகீறாங்க. நானும் படுத்துக்கினேன்."

அவர் சொன்னது இலக்கணப்படி சரி. லத்தீனில் அது படர்க்கை, இறந்தவரைப் பற்றி வேறு ஒருவரிடம் சொல்வது. ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னிலை ஆகி, ஒரு ஏவல் போலக் காதில் விழத் தொடங்கிவிட்டது. இப்போது பிள்ளைகள் சார்ஜ் தீர்ந்த கைபேசிக்கும் தோற்றுப்போன கிரிக்கெட் அணிக்கும்கூட அதைப் போடுகிறார்கள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொற்றொடரின் வாலை மட்டும் வெட்டி, 'இன் பாச்சே' என்பதை ஒரு பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறார்கள். பழைய மடங்களில் குற்றம் செய்த துறவியை உயிரோடு அடைத்துவைக்கும் நிலவறைக்கு அந்தப் பெயர். 'சமாதானமாகப் போ' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். சாத்தியிருந்த ஜன்னலையும், அந்தக் கட்டிலையும், மார்புக்குத் திரும்பிப் போன அவர் கைகளையும் பார்த்தபோது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. என்ன சொல்லியும் கேட்காதவரை, மயிலாப்பூரில் காபி குடிக்கலாம் என்று சொல்லி எப்படியோ கிளப்பினோம். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் பொங்கலும் வடையும் வாங்கினோம். மிளகும் நெய்யுமாகப் பொங்கல் ஆவி பறந்தது. பினாங்கில் இந்தப் பொங்கலுக்காக நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பேன். லாரன்ஸ் ஒரு வாய் வைத்தார், அதோடு இலையை மூடிவிட்டார்.

பரிமாறுகிறவருக்கு இவரைப் பல வருஷமாகத் தெரியுமாம். அன்று அவர் என் டம்ளரிலும் ஸ்டெல்லாவின் டம்ளரிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, லாரன்ஸின் டம்ளரைத் தாண்டிப் போனார். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. காலியாக இருந்த நான்காவது நாற்காலியைப் பார்ப்பது போலத்தான் அவர் கண் லாரன்ஸின்மேல் பட்டுப் போயிற்று.

வெளியே வந்தால் காய்கறிக் கடை வாசலில் இரண்டு அம்மாக்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த சினிமால கத்துவாரே லாரன்ஸ், அவர் போயிட்டாராம். நேத்துதான் ஆத்துல சொல்லிண்டிருந்தா."

"அப்படியா? போன வாரம் பார்த்தேனே! எங்க தெரு கோடியாத்து வாசல்ல நின்னுண்டிருந்தாரே."

"நீங்க வேற யாரையாவது பார்த்திருப்பேள்."

ஸ்டெல்லா அவர்களிடம் ஏதோ சொல்லப் போனாள். லாரன்ஸ் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "வுடு. அவங்க சொல்றதுதான் கரெக்டு. நான் அந்தப் பக்கம் போயே மாசக்கணக்காச்சு."

அப்படியானால் போன வாரம் அங்கே நின்றது யார் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும்போதே வானம் மறுபடியும் இருட்டியது. சாப்பாட்டு நேரத்துக்குள் மழை கொட்டத் தொடங்கி, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

அப்போதுதான் அவருடைய கைபேசி அடித்தது.

லாரன்ஸ் எழுந்து உட்கார்ந்தார். எடுக்கவில்லை. "அவன்தான்" என்றார்.

"யாரு?"

"எவனுக்கு வரவேண்டியத நான் வாங்கி வச்சிக்கினுகீறேனோ அவன். தெனம் இந்நேரத்துக்கு அடிப்பான். மொதல்ல எல்லாம் எடுத்து 'லாரன்ஸ் பேசறேன்'னுவேன். அந்தப் பக்கம் பேச்சே இருக்காது, மூச்சு மட்டும் வரும். பேர் சொல்றத நிறுத்திட்டேன். அதுலேர்ந்து விடாம அடிக்கிறான்."

ஸ்டெல்லா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்துக் காதில் வைத்தேன். மழை இரைவது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. தொண்டை ஒத்துழைக்காமல் காற்றை மட்டும் சொல்லாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

"லாரன்ஸா?"

"நீங்க யாரு?" என்றேன். தொடர்பு அறுந்துவிட்டது.

திரையில் எண் இருந்தது, சென்னை தரைவழி எண். திரும்ப அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. கடைசியில் என் தொழில்தான் எனக்குக் கைகொடுத்தது. ஒரு மரண அறிவிப்பில் படம் மாறிவிட்டால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். யாருடைய படம் தப்பாக வந்தது? யாருடைய படம் வராமல் போனது? முதல் கேள்வியோடு எல்லோரும் நின்றுவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவரைக் கூப்பிட்டு, "வேற லாரன்ஸ்னு போட்டீங்களே, அவர் யாரு?" என்று கேட்டேன்.

"லைட்மேன் சார். நல்ல மனுஷன். வீடு எங்கன்னு… ஆத்தோரம் இருந்தாங்க, அங்கேர்ந்து கவர்மெண்ட்ல காலி பண்ணி ஊருக்கு வெளிய அனுப்பிட்டாங்க. சாவுக்கு நாங்க யாரும் போகல சார். இவரு சாகலைங்கற சந்தோஷத்துல அத மறந்துட்டோம்."

அடுத்த நாள் காலை அந்த எண்ணுக்கு மறுபடியும் அடித்தேன். ஒரு பெரியவர் எடுத்தார். தி. நகரில் தையல் கடையாம், அவர்தான் முதலாளியாம். உங்கள் கடையில் லாரன்ஸ் என்று யாராவது உண்டா என்று கேட்டேன். "லாரன்ஸ் இல்ல ஜி. லாரன்ஸ் சம்சாரம் கீது" என்றார்.

லாரன்ஸை ஸ்டெல்லாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். ஆட்டோக்காரர் ஆழ்வார்பேட்டை வரைக்கும் பறந்தார். அதற்கப்புறம் ஒரு தெரு முழுக்கக் குளமாகக் கிடந்தது. "போய்டலாம் நைனா, கவலையே படாத" என்று வண்டியை இறக்கினார். நடுத் தண்ணீரில் வண்டி இருமி நின்றுவிட்டது. நானும் அவரும் முழங்காலளவுத் தண்ணீரில் தள்ளினோம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "ரெண்டு நாளா இங்க நின்ன வண்டிங்கள எண்ணிக்கினே இருக்கேன்" என்று சந்தோஷமாகக் கூவினார். வண்டி உயிர்பெற்றபோது என் செருப்பில் ஒன்று போயிருந்தது. பாண்டிபஜாரில் இறங்கி முதல் வேலையாகச் செருப்பு வாங்கினேன்.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் ரவிக்கைகள் தொங்கின. முதலாளி கரீம் பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பி, "பிலோமினா!" என்றார். புடவைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பதுக்குள்தான் இருக்கும். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் முகம் வெளிறிவிட்டது.

"தப்புதான் சார். கேஸு கீஸு போட்றாதீங்க. இனிமே அடிக்கமாட்டேன்."

"கேஸ் எல்லாம் இல்லம்மா. ஏன் அடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

கரீம் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தார். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அவரு போனன்னிக்கி மழ சார். வூடு எங்கியோ கீது, ஆறு பேரு வந்திருந்தா ஜாஸ்தி. பக்கத்து வூட்டுப் பொண்ணு போன எடுத்தாந்து காட்டிச்சி. பேரு அவருது, மூஞ்சி வேற. கீழ எத்தினி பேரு எழுதிகீறாங்க! எனக்குப் படிக்க வராது. அந்தப் பொண்ணு ஒண்ணொண்ணா படிச்சி காட்டிச்சி. அதெல்லாம் அவருக்குன்னே நெனச்சிக்கினு கேட்டேன். கொஞ்ச நேரத்துல, 'அக்கா, இது வேற லாரன்ஸாம்'னு சொல்லிட்டு போன எடுத்துக்கினு போய்டிச்சி."

"நம்பர்?"

"அதுல இருந்திச்சே. அந்தப் பொண்ணுதான் எழுதிக் குடுத்திச்சி. திட்டலாம்னுதான் சார் மொதல்ல அடிச்சேன். எடுத்தாரு. 'லாரன்ஸ் பேசறேன்'னாரு." டீயைக் கீழே வைத்தாள். "எங்காளுக்குத் தொண்டைல கட்டி சார். கடைசில கொரலே இல்ல. காத்து மட்டுந்தான் வரும். வாயப் பாத்துதான் நான் புரிஞ்சிக்குவேன். இவரு போன்ல அப்டி கணீர்னு 'லாரன்ஸ் பேசறேன்'னதும்… அதுக்கப்புறம் தெனம் சாப்பாட்டு நேரத்துல அத கேக்கறதுக்குத்தான் அடிச்சேன். அப்புறம் அவரு பேரு சொல்றதில்ல. ஒருவாட்டியாவது சொல்லமாட்டாரான்னுதான்…"

"நேத்து மத்தியானம் ஒரு ஆம்பளைக் குரல் பேசிச்சே. அது யாரும்மா?"

அவள் கரீம் பாயைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"நேத்து நான் வர்ல சார். மழைக்கு பஸ்ஸே இல்ல."

"கடையே தொறக்கல ஜி" என்றார் கரீம் பாய். "பூட்டி சாவி நம்ம ஊட்ல கீது." கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, "மழைத் தண்ணி பூந்திச்சின்னா இந்த லைன் இன்னா வேணா பண்ணும். ஒண்ணும் சொல்லமுடியாது" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது போல இல்லை. தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டது போல இருந்தது.

நான் கேட்ட குரல் எப்படி இருந்தது என்று பிலோமினாவிடம் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது அவள், "நாளைக்குக் கல்லறைத் திருநாள் சார். ஆத்தோரம் இருக்கசொல்ல எங்களுக்குப் பங்குக் கோயில் இந்தப் பக்கந்தான், அவர அங்கதான் பொதச்சோம். அந்த சார் வந்து ஒருவாட்டி அவரு பேர சொன்னா போதும். வருவாரா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முந்திய நாள் குரலையும் பூட்டிய கடையையும் மட்டும் விட்டுவிட்டேன். லாரன்ஸ் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டை விஷயத்துக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கொரலே இல்லியா?"

"காத்து மட்டும் வருமாம்."

பிறகு, "அந்த லைட்மேன எனக்குத் தெரியும் மச்சான்" என்றார். "ஒருவாட்டி ஸ்டுடியோ கேண்டீன்ல 'லாரன்ஸ்'னு கூப்ட்டாங்க. நானும் திரும்பினேன், அவனும் திரும்பினான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ்ளோதான் பழக்கம்." எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

கல்லறைத் திருநாள் அன்று வெயில் அடித்தது. லாரன்ஸ் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போடவேண்டியிருந்தது. வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் பக்கம்தான், ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. நடந்தே போனோம்.

வாசலில் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே குடும்பம் குடும்பமாகக் கூட்டம். சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்கள், களை பிடுங்குகிறவர்கள், கல்லறையின்மேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரிக்கிறவர்கள். எங்கள் ஊரில் கல்லறைக்குப் போனால் குரலைத் தாழ்த்துவோம். இங்கே ஒரு அம்மா செத்துப்போன மாமியாரிடம் மகளின் கல்யாணத்தைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய பளிங்குக் கற்களில் அந்த மூன்று எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புள்ளியோடு, வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. லாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு அவற்றைப் பார்க்காமல் நடந்தார்.

பிலோமினா கடைசி வரிசையில் காத்திருந்தாள். மண்மேட்டில் ஒரு மரச் சிலுவை. எழுதியிருந்த பெயர் மழையில் கரைந்து நீலக் கறையாகியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கைகூப்பினாள். அவரும் கூப்பினார்.

மெழுகுவத்தி ஏற்றியானது. லாரன்ஸ் வாயைத் திறந்தார், மூடினார். என் காதருகே குனிந்து, "மச்சான், என் பேரச் சொல்லி நானே அந்த ஆர்.ஐ.பி.ய சொல்லணுமா? சொன்னப்புறம்…" என்று கிசுகிசுத்தார். இன்னொரு பக்கம் ஸ்டெல்லா அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்போது பயமாகத்தான் இருந்தது. லத்தீன் தெரிந்தவனாக அவருக்கு ஏதாவது தைரியம் சொல்லியிருக்கலாம்.

பிலோமினாதான் பேசினாள். "அவங்கப்பா பேரு சின்னப்பன் சார்."

லாரன்ஸ் நிமிர்ந்தார். மைக்குக்கு முன்னால் நிற்பவரைப் போலக் காலைச் சற்று அகட்டி, மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சின்னப்பன் மகன் லாரன்ஸ்" என்றார். "பிலோமினா புருஷன் லாரன்ஸ். லைட்மேன் லாரன்ஸ். இவர் சமாதானத்தில் இளைப்பாறுவாராக."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரையில் கேட்டதெல்லாம் அலறலும் முனகலும்தான். இது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சுவர்வரைக்கும் போய்த் திரும்பியது. இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மெழுகுவத்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. காற்று வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிலோமினா மண்மேட்டின்மேல் குப்புற விழுந்து, சத்தம் போட்டு அழுதாள். கணவர் இறந்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு ஸ்டெல்லாவிடம் சொன்னாளாம்.

லாரன்ஸ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது, அவ்வளவுதான். கிளம்பலாம் என்று நான் அவர் தோளைத் தொட்டேன்.

அப்போது பக்கத்து வரிசையிலிருந்து வயதான ஒரு அம்மா தடுமாறி நடந்து வந்தாள். கையில் செவ்வந்தி மாலை இருந்தது.

"ஐயா, சாமியார் ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சிட்டு இந்த வரிசைக்கு வரதுக்குள்ள இருட்டிடும். எம் பையனுக்கும் ஒருவாட்டி சொல்லுங்களேன். உங்க கொரல்ல சொன்னா அவனுக்குக் கேக்கும்."

லாரன்ஸ் என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நடந்தார். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

கல்லறைக்கு முன்னால் போய் நின்றதும் குனிந்து அவளிடம் கேட்டார்.

"பேர் இன்னாமா?"